சம்மர்டீத்: கட்சி மாறிய ஆல்பமா?

கேள்வி இது: ‘அமெரிக்காவின் வில்கோவை ஆல்ட்-கன்ட்ரி (கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசையை ராக், பங்க் இசையோடு கலக்கும் பாணி) குழு என்கிறார்கள். ஆனால் 1999இல் வந்த அவர்களுடைய சம்மர்டீத் ஆல்பத்தைப் போட்டால் பான்ஜோவும் ஃபிடிலும் காதில் விழுவதே இல்லை; அறுபதுகளின் பாப் இசைதான் கேட்கிறது. ரேடியோவில் ஓட வேண்டும் என்பதற்காகக் கட்சி மாறிவிட்டார்களா?’

இல்லை என்பதுதான் என் பதில். கட்சி மாறியதுபோலத் தோன்றும்படி அந்த ஆல்பமே உடை உடுத்திக்கொண்டிருப்பதால், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கட்சி எது? செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து மிசிசிப்பி ஆற்றைக் கடந்தால் இலினாய் மாநிலத்தின் பெல்வில் வரும். அந்த ஊரில் பள்ளித் தோழர்களாக இருந்த ஜே ஃபாரரும் ஜெஃப் ட்வீடியும் டிரம்மர் மைக் ஹைடோர்னோடு சேர்ந்து நடத்திய குழு அங்கிள் டுபேலோ. பங்க் இசையின் வேகத்தையும் பழைய நாட்டுப்புறப் பாடல்களின் சோகத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட்டவர்கள். 1990இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் நோ டிப்ரெஷன். கார்ட்டர் குடும்பத்தார் பாடிய முப்பதுகளின் பக்திப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. 1995இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையே தொடங்கியது. அந்தப் பாணி முழுவதையும் அந்தப் பெயராலேயே அழைக்கும் பழக்கமும் வந்தது. ஒரு ஆல்பத்தின் பெயர் ஒரு இசைப்பிரிவின் பெயராகிவிட்டால் அதைச் செய்தவர்களுக்கு அது சுமைதான். ட்வீடி அந்தச் சுமையை இறக்கி வைக்கப் பட்ட பாட்டின் வரலாறு என்றே வில்கோவின் முதல் ஏழெட்டு ஆண்டுகளைச் சொல்லலாம்.

1994இல் ஃபாரருக்கும் ட்வீடிக்கும் ஒத்துப்போகாமல் குழு உடைந்தது. ஃபாரர் சன் வோல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். மீதியிருந்த எல்லோரும் ட்வீடியோடு சேர்ந்து வில்கோ ஆனார்கள். 1995இல் இரண்டு பேரின் ஆல்பங்களும் சில மாத இடைவெளியில் வந்தன. விமர்சகர்கள் ஃபாரர் பக்கம்தான் சாய்ந்தார்கள். நல்ல ஆல்ட்-கன்ட்ரி எழுதுவதில் தன் பழைய தோழனை மிஞ்ச முடியாது என்பது ட்வீடிக்கு அப்போதே உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு வந்த பீயிங் தேர் இரட்டை ஆல்பத்தில் அதன் அடையாளம் தெரிகிறது. முதல் பாட்டிலேயே கித்தார் இரைச்சல், உடைந்து சிதறும் டிரம்ஸ், பிறகு பான்ஜோ, பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் பாணி ஆட்டம். இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கு விற்க வேண்டும் என்பதற்காகத் தன் ராயல்டியில் ஒரு பகுதியை ட்வீடி விட்டுக்கொடுத்தார். காசுக்காகப் பாப் பக்கம் போனார் என்று சொல்பவர்கள் இந்த ஒரு செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி இசை பாப் உடை போட்டுக்கொள்வது தொண்ணூறுகளில் வந்த வழக்கம் அல்ல. ஐம்பதுகளின் இறுதியில் ராக் அண்ட் ரோல் சந்தையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி என்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் குழுவையும் மெத்தென்ற கோரஸ் குரல்களையும் முன்னால் கொண்டுவந்தார்கள். நாஷ்வில் சவுண்ட் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பாட்சி க்லைன் 1961இல் பாடிய கிரேஸி அதன் உச்சம். அதை எழுதியவர் வில்லி நெல்சன். பின்னாளில் நாஷ்வில்லின் அந்த மெருகு வேண்டாம் என்று டெக்சாஸுக்குத் திரும்பி, தன் வழியில் பாடிப் பெரிய ஆளானவரும் அவர்தான். ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ஸ்பைஸ்வுட்டில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு. சம்மர்டீத்தின் முதல் பதிவுகள் 1997 நவம்பரில் அந்த ஸ்டுடியோவில்தான் தொடங்கின. கன்ட்ரியை விட்டு ஓடிய ஆல்பம் என்று பெயர் வாங்கியது பிறந்த இடம் வில்லி நெல்சனின் வீட்டுக் கொல்லை என்றால் சிரிப்பு வருகிறது.

டெக்சாஸில் நான்கு பேரும் சேர்ந்து வாசித்தார்கள்: ட்வீடி, பாஸ் கித்தாரில் ஜான் ஸ்டிராட், டிரம்ஸில் கென் கூமர், மற்ற எல்லாவற்றிலும் ஜே பென்னட். இந்தப் பென்னட்டைப் பற்றிப் பேசாமல் சம்மர்டீத்தைப் பற்றிப் பேச முடியாது. முதல் ஆல்பம் பதிவான பிறகு குழுவில் சேர்ந்தவர். கித்தாரிஸ்ட் என்றுதான் வந்தார். ஆனால் கையில் எந்தக் கருவி கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு மெட்டைக் கறந்துவிடக்கூடிய ஆள். பழைய கீபோர்டுகள் மேல் பைத்தியம். இதற்கிடையே ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக்கோடு சேர்ந்து, பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி எழுதிவைத்துவிட்டுப் போன வரிகளுக்கு மெட்டுப் போடும் வேலையும் வந்தது. அது 1998இல் மெர்மெய்ட் அவென்யூ என்று வெளியானது. அந்த வேலை முடிந்து பழைய பதிவுகளுக்குத் திரும்பியபோது ட்வீடிக்கும் பென்னட்டுக்கும் அவை பழசாகத் தெரிந்தன. சிகாகோவில் ஒரு ஸ்டுடியோவில் இருவரும் உட்கார்ந்து, டெக்சாஸ் பதிவுகளின் மேல் அடுக்கடுக்காகப் பூசத் தொடங்கினார்கள். அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த புரோ டூல்ஸ் மென்பொருள் அதற்கு வசதியாக அமைந்தது. டேப்பில் தடங்கள் தீர்ந்துபோகும். கணினியில் அந்தக் கவலை குறைவு. பிடிக்காததை வெட்டலாம், இடம் மாற்றலாம், இன்னொன்றைச் சேர்க்கலாம்.

அந்த அடுக்குகளில் அடிக்கடி வருவது மெல்லோட்ரான். கேள்விப்படாதவர்களுக்காக: அது அறுபதுகளின் கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப் இருக்கும். அதில் புல்லாங்குழலோ வயலின்களோ கோரஸோ வாசித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் அந்த டேப் ஓடும். எட்டு நொடியில் தீர்ந்துவிடும். மனிதர் வாசித்ததுதான், ஆனாலும் உயிர் கொஞ்சம் கழன்றதுபோல, லேசாக ஆடி ஆடிக் கேட்கும். பீட்டில்ஸின் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர் தொடக்கத்தில் வரும் குழலோசை அந்தக் கருவியுடையது. நிஜ வயலின் குழுவை வைத்திருந்தால் சம்மர்டீத் வெறும் ஆடம்பரமாகப் போயிருக்கும். இந்தப் பொய் வயலின்கள்தான் அதன் இனிப்பில் ஏதோ சரியில்லை என்ற சந்தேகத்தைக் கலக்கின்றன.

சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. வரிகளைக் கவனியுங்கள்.

முதல் பாட்டு கான்ட் ஸ்டாண்ட் இட். மணிகள் கிணுகிணுக்கின்றன, தாளம் துள்ளுகிறது, பல்லவி ஒரு முறை கேட்டாலே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பல்லவி சொல்வது என்னவென்றால், உன் பிரார்த்தனைகளுக்கு இனி ஒருபோதும் பதில் வராது. இரண்டாவது ஷீ இஸ் எ ஜார். மவுத் ஆர்கனும் மெல்லோட்ரானும் தாலாட்டுகின்றன. காதலன் காதலியை விதவிதமான உவமைகளில் வர்ணித்துக்கொண்டே போகிறான். பிரிவை நினைத்து ஏங்க வேண்டாம் என்று அவள் கெஞ்சுவதாக ஓர் இடத்தில் வருகிறது. கடைசி அடியில் அதே வாக்கியம் ஒரே ஒரு சொல் மாறித் திரும்பி வருகிறது: தன்னை அடிக்க வேண்டாம் என்று அவள் கெஞ்சுகிறாள். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. மெட்டு அதிர்ச்சி அடைவதில்லை, குரல் உயர்வதில்லை. அதுவரை அழகாக இருந்த ஒவ்வொரு உவமையையும் நாம் திரும்பப் போய்ச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் கசப்பான இடம் இதுதான். மிகத் திறமையாக எழுதப்பட்ட இடமும் இதுதான்.

அடுத்தது எ ஷாட் இன் தி ஆர்ம். பியானோவோடு தொடங்கி, பெரிய முரசொலியோடு வீங்கி எழும் பாட்டு. உற்சாகப் பாட்டு என்று நினைத்து அரங்கம் முழுவதும் கூடவே பாடும். அதில் ஒரு மனிதன் தன் நரம்புக்குள் ஏதாவது ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். முன்பு நீ எதுவாக இருந்தாயோ அதுவாக இருக்க இனி நீ விரும்பவில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடிக்கிறது. பழைய கன்ட்ரி ரசிகர்களுக்கு எழுதிய கடிதம் என்றும் அதைப் படிக்கலாம். தன் உடம்பைப் பார்த்துப் பயந்த ஒருவனின் புலம்பல் என்றும் படிக்கலாம். ட்வீடிக்கு ஒற்றைத் தலைவலியும் பதற்றமும் இருந்ததும், வலி மாத்திரைகளுக்கு அடிமையாகி 2004இல் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்ததும் பின்னால் அவரே வெளிப்படையாகப் பேசிய செய்திகள்.

இப்போது வயா சிகாகோவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதம் இந்தப் பாட்டில்தான் நிற்கிறது. அக்கூஸ்டிக் கித்தார், மெதுவான தாளம். உன்னைக் கொல்வதாக நேற்றிரவு மறுபடியும் கனவு கண்டேன், அது எனக்குத் தவறாகவே படவில்லை என்று ஒருவன் நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறான். ரத்தம் ஓடுவதை வர்ணிக்கிறான். பின்னணியில் கித்தார் இரைச்சல் மெல்ல மெல்லப் பெருகுகிறது. அவன் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கடைசியில் சிகாகோ வழியாக வீட்டுக்கு வருகிறேன் என்கிறான்.

இது கொலைப்பாட்டு. அமெரிக்கக் கிராமிய இசையின் மிகப் பழைய வகைகளில் ஒன்று. காதலியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்க் கொன்றவன் தன் கதையைத் தானே சொல்லும் பாடல்கள் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்து அப்பலாச்சிய மலைகளில் குடியேறியவை. கன்ட்ரி பாடகர்களான லூவின் சகோதரர்கள் 1956இல் வெளியிட்ட நாக்ஸ்வில் கேர்ள் பதிவைக் கேட்டுப் பாருங்கள். தடியால் ஒரு பெண்ணை அடித்தே கொல்லும் கதை. அதை அண்ணனும் தம்பியும் தேவாலயத்தில் பாடுவதுபோன்ற தேன்குரல் இசைவில், வால்ட்ஸ் தாளத்தில், முகம் மாறாமல் பாடுகிறார்கள். கேட்பவனுக்குத்தான் வியர்க்கிறது. ட்வீடிக்கு இந்த மரபு நன்றாகத் தெரியும். அங்கிள் டுபேலோ 1992இல் ஐந்தே நாளில் பதிவு செய்த அக்கூஸ்டிக் ஆல்பத்தில் லிலி ஷல் என்ற பழைய கொலைப்பாட்டும் இருக்கிறது, லூவின் சகோதரர்களின் ஒரு பாட்டும் இருக்கிறது.

ஆகவே சம்மர்டீத்தில் கன்ட்ரி தொலைந்துபோகவில்லை என்பது என் கட்சி. கருவிகளிலிருந்து அது வெளியேறியது. கதை சொல்லும் விதத்தில் தங்கிவிட்டது. கொடூரத்தை இனிய குரலில், தீர்ப்புச் சொல்லாமல் பாடுவது லூவின் சகோதரர்களின் வேலை. ட்வீடியும் பென்னட்டும் அந்த இனிமையை மலைநாட்டுக் குரலிசைவிலிருந்து எடுக்காமல் அறுபதுகளின் பாப் குழுவான பீச் பாய்ஸிடமிருந்து எடுத்தார்கள். விமர்சகர்கள் எல்லோரும் பீச் பாய்ஸின் பெட் சவுண்ட்ஸ் ஆல்பத்தைப் பற்றிப் பேசினார்கள், சரிதான். நாக்ஸ்வில் கேர்ளைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும். ஹவ் டு ஃபைட் லோன்லினஸ் என்ற பாட்டில் தனிமையைச் சமாளிக்க ஒரு வழி சொல்லப்படுகிறது: எப்போதும் சிரித்துக்கொண்டே இரு, அர்த்தமே இல்லாமல் போகும்வரை பற்களைப் பளபளப்பாக்கு. ஆல்பத்தின் ஒலியும் அதைத்தான் கடைப்பிடிக்கிறது.

எல்லாப் பாட்டும் இப்படிக் கனமாக இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஐ’ம் ஆல்வேஸ் இன் லவ், ஈஎல்டி இரண்டும் சுத்தமான கித்தார்-கீபோர்டு பாப். எழுபதுகளின் பிக் ஸ்டார் குழுவைப் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். மை டார்லிங் ஒரு குழந்தைக்குப் பாடும் தாலாட்டு, எந்தத் தந்திரமும் இல்லாதது. சொற்களையெல்லாம் இடைவெளியின்றி ஒட்டி எழுதிய தலைப்பு கொண்ட நத்திங்ஸ் எவர் கான்னா ஸ்டாண்ட் இன் மை வே பாட்டைக் காரில் சத்தமாகப் போட்டுக்கொண்டு போகலாம். பைஹோல்டன் சூட் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மூன்று பகுதிகளாக வளைந்து வளைந்து போய், கொம்பு வாத்தியங்களோடு முடிகிறது. மெல்லோட்ரானை மூட ஆளில்லாமல் போய்விட்டதோ என்று தோன்றும். ஆல்பம் முழுவதற்குமே இந்தக் குறை உண்டு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு மணி, ஒரு கீபோர்டு, ஒரு கோரஸ் குரல். கூமரின் டிரம்ஸ் பல இடங்களில் பின்னால் போய் மங்கிவிடுகிறது. நான்கு பேர் குழு இரண்டு பேர் ஆய்வுக்கூடமானதன் விலை அது. கூமர் 2001இல் குழுவை விட்டு வெளியேற்றப்பட்டார்; அதே ஆண்டில் பென்னட்டும்.

இனி ரேடியோவுக்கு வருவோம். வில்கோவின் ஆல்பங்களை வெளியிட்டுவந்த ரிப்ரைஸ் நிறுவனம் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, ரேடியோவில் போட ஒரு பாட்டு வேண்டும் என்றது. இந்த ஒரு முறை மட்டும் என்று சொல்லி வில்கோ இணங்கியது. டேவிட் கான் என்ற தயாரிப்பாளர் கான்ட் ஸ்டாண்ட் இட் பாட்டை மறுகலவை செய்தார். ஆல்பத்தின் வாசலில் நிற்பது அந்தப் பதிப்புதான். மற்றப் பாடல்களைவிடக் கொஞ்சம் பளிச்சென்று, கொஞ்சம் தட்டையாகக் கேட்பதற்குக் காரணம் அது. இவ்வளவு செய்தும் பயனில்லை. வயதில் கொஞ்சம் மூத்த ரசிகர்களுக்காக ஆல்பம் பாடல்களை ஒலிபரப்பும் நிலையங்களைத் தாண்டி, பெரிய ராக் நிலையங்களுக்கு அந்தப் பாட்டு போகவே இல்லை. 1999 மார்ச் 9 அன்று வெளியான ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றது. பீயிங் தேர் சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றது. சம்மர்டீத் சுமார் 2 லட்சம். விமர்சகர்களோ தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கட்சி மாறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மந்திரிப் பதவி கிடைக்கவில்லை.

அடுத்த ஆல்பமான யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அப்போது ரிப்ரைஸில் கலைஞர் தேர்வுப் பிரிவின் தலைவராக இருந்தவர் இதே டேவிட் கான். ரேடியோவுக்கான பாட்டு இல்லை என்று 2001இல் அதை நிராகரித்தார்கள். அதே பெருநிறுவனத்தின் கீழ் இருந்த நான்சச் என்ற இன்னொரு நிறுவனம் 2002இல் வெளியிட்டது. பில்போர்டில் 13ஆம் இடம். அந்தப் புகழின் நிழலில் சம்மர்டீத் ‘நடுவில் வந்த பாப் ஆல்பம்’ ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஸ்டுடியோவையே ஒரு கருவியாக வாசிக்கும் வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டது சம்மர்டீத்தில்தான். அதில் பாதிக்குமேல் பென்னட்டின் கை. அவர் 2009இல், 45 வயதில் இறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இதே திசையில் நடந்தவர்கள் வில்கோ மட்டும் அல்ல. டல்லாஸின் ஓல்ட் 97ஸ் அதே 1999இல் ஃபைட் சாங்ஸ் என்று பாப் மெருகேறிய ஆல்பத்தைத் தந்தார்கள். மினியாபொலிஸின் ஜேஹாக்ஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பிரிவின் மிக அழகான குரலிசைவுக்குப் பெயர் பெற்றவர்கள், 2000இல் ஸ்மைல் ஆல்பத்துக்காக பாப் எஸ்ரினைத் தயாரிப்பாளராக அழைத்தார்கள். பிங்க் ஃபிலாய்டின் தி வால் ஆல்பத்தில் வேலை செய்தவர். டிரம் லூப்புகள், பளபளக்கும் கோரஸ்கள் எல்லாம் வந்தன. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்மைல் நல்ல ஆல்பம், அதன் மெட்டுகளை நான் இன்றும் முணுமுணுக்கிறேன். ஆனால் அதில் பாப் என்பது பாப்தான். மகிழ்ச்சியான ஒலி மகிழ்ச்சியையே சொல்கிறது. சம்மர்டீத்தில் ஒலியும் வரியும் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்த கேள்வி வரும். முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். வயா சிகாகோவை முதலில் கேளுங்கள், பிறகு லூவின் சகோதரர்களின் நாக்ஸ்வில் கேர்ள், பிறகு ஷீ இஸ் எ ஜார். அதற்குப் பிறகு முழு ஆல்பத்துக்குப் போனால் மணியோசை வேறு மாதிரிக் கேட்கும். வயா சிகாகோவின் மேடைப் பதிவு கிடைத்தால் அதையும் கேட்டுவிடுங்கள். கூமருக்குப் பின் வந்த டிரம்மர் க்ளென் காட்ச்சி, பாட்டின் நடுவே கூரை இடிந்து விழுவதுபோல அடிப்பார். ட்வீடி எதுவும் காதில் விழாதவர்போல அதே நிதானத்தில் பாடிக்கொண்டிருப்பார். 2020இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் இந்தப் பாடல்கள் சிலவற்றின் ஆரம்பப் பதிவுகளும் மாற்றுப் பதிவுகளும் உள்ளன. பூச்சு குறைந்த அந்த வடிவங்களைக் கேட்டுவிட்டு, அங்கிள் டுபேலோவின் 1992 ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கட்சியில் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லலாம்.